ஓடையில் மிதந்து வந்த இலைகள்

கல்யாணமாகி மலேசியாவின் ஜொகூரில் குடியேறிய கலா அக்காவை எட்டு வருடமாக வீடியோ காலில் மட்டுமே பார்த்துவந்தேன். போன அக்டோபரில் லீவு கிடைத்ததும் தென்காசியிலிருந்து கிளம்பிவிட்டேன். ஜொகூர் பாருவிலிருந்து அவள் இருக்கும் உலு திராமுக்கு இருபது கிலோமீட்டர்தான்.

போனவுடனே சின்ன வருத்தம். "அலமாக், இவ்ளோ மெலிஞ்சிட்டியா!" என்று கட்டிக்கொண்டாள். பேச்சில் பாதி மலாய். எங்கள் ஊர்ப் பேச்சு எங்கே போயிற்று?

மறுநாள் கோத்தா திங்கி பக்கம் ஒரு காட்டு ஓடைக்குக் கூட்டிப்போனாள். காரில் முக்கால் மணி நேரம், வழியெல்லாம் பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டம். நல்ல வெயில். முழங்காலளவு தெளிந்த தண்ணீரில் இறங்கி, நடுவிலிருந்த பாறையில் உட்கார்ந்தேன். அக்கா கரையில் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

திடீரென்று, "நாயிக்! நாயிக்!" என்று கத்தினாள். ஏதோ நாய் வந்துவிட்டது என்று நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

"ஏட்டி, மேல ஏறுட்டி!"

அது எங்கள் ஊர் அதட்டல். யோசிக்காமல் ஓடினேன். செருப்பை எடுக்கக் குனிந்தவளைக் கையைப் பிடித்து இழுத்தாள். பக்கத்திலிருந்த மலாய்க் குடும்பம் பிள்ளைகளோடு ஏற்கெனவே மேட்டில் நின்றது. நாங்கள் ஏறி மூச்சு வாங்குவதற்குள் பழுப்பு வெள்ளம் இரைந்துகொண்டு வந்தது. நான் உட்கார்ந்திருந்த பாறையைக் காணோம்.

"எப்படிக்கா தெரிஞ்சுது?"

"தண்ணி கலங்குச்சு, இலையும் சுள்ளியுமா வந்துச்சு. மலையில மழைன்னா இப்படித்தான். கெப்பாலா ஆயர்னு சொல்வாங்க இங்க, தண்ணியோட தலைன்னு."

"இலைய நானும்தான் பார்த்தேன். அழகா மிதக்குதுன்னு நெனச்சேன்."

அக்கா சிரித்தாள். பிறகு என் தோளில் சாய்ந்து அழுதுவிட்டாள். மலாயில் கத்தியது அவளுக்கு நினைவே இல்லை. "நான் தமிழ்லதான் சொன்னேன்லா" என்று வீடுவரை சாதித்தாள்.

ஒரே வீட்டில் வளர்ந்த கண்கள்தான் எங்களுடையவை. நான் குறைபட்ட அந்த மலாயில் அவள் கற்ற ஒரு சொல்தான் அவளுக்கு வெள்ளத்தை முன்கூட்டியே காட்டியது. நான் அங்கே நாயைத் தேடினேன்.

இந்த மாதிரி ஓடைக்குப் போகிறவர்கள் காலையிலேயே போய் மதியத்துக்குள் திரும்பிவிடுங்கள். மழை பெரும்பாலும் பிற்பகலில்தான். தலைக்கு மேல் வெயிலடிப்பதை நம்பாதீர்கள். "நாயிக்" என்றால் மேலே ஏறு என்று அர்த்தம்.

ஊர் திரும்புவதற்கு முன், பயம் தெளியட்டும் என்று அக்கா காலை வேளையில் இன்னொரு முறை அங்கே கூட்டிப்போனாள். கரையில் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்தோம். தண்ணீரில் ஒரே ஓர் இலை வந்தது. இருவரும் சேர்ந்தே எழுந்துவிட்டோம்.