உழாமல் விட்ட துண்டு

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அதை நம்பித்தான், ஊர் சுற்றப் போன நானும் நண்பனும் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு விவசாயியிடம், அவர் புஞ்சை ஓரமாகக் கூடாரம் போட்டுத் தீ மூட்டிக்கொள்ள அனுமதி கேட்டோம்.

“தாராளமாப் படுங்க தம்பி. தீ மட்டும் வேணாம். அங்கிட்டு மயிலு அடைகாக்குது.”

கையைக் காட்டினார். உழுத மண்ணுக்கு நடுவே ஒரு துண்டு மட்டும் உழாமல் புல்லோடு கிடந்தது. உள்ளே பெண்மயில், அசையாமல்.

“மயிலுன்னா அம்புட்டுப் பிரியமாண்ணே?” என்றான் நண்பன்.

“பிரியமா? நாசமாப் போறது! வெதச்ச கடலையப் பூராத் தின்னுட்டுப் போயிருச்சு!” என்று சீறியவர் சட்டெனக் குரலைத் தாழ்த்தினார். “மெதுவாப் பேசுங்கப்பா, எந்திரிச்சிரப் போகுது.”

அன்று தீ மூட்டவில்லை. ஆறிப்போன இட்லியைத் தின்றபடி கிசுகிசுத்துக்கொண்டிருந்தோம். வாய் நிறையத் திட்டிக்கொண்டே ஓர் உயிருக்கு இடம் விட முடியும் என்பது இன்றும் எனக்கு மலைப்பாகவே இருக்கிறது.