கழற்றாத செருப்பு

அந்தப் பிள்ளையை நினைத்தாலே எனக்கு வயிறு எரிந்தது. இதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்? மனநல உதவி வேலையில் நான் பதினொரு வருடம். அவள் கிண்ணியாவிலிருந்து எங்கள் அலுவலகத்துக்கு வேலைக்கு வந்து மூன்று வாரம்கூட ஆகாத புதியவள்.

துறைமுகத்துக்குப் போகிற வீதியில், பூட்டிக் கிடந்த மீன்கடை ஒன்றின் விறாந்தையில் ஒரு தாயும் இரண்டு மகள்மாரும் இருந்தார்கள். குச்சவெளியில் இருந்த வாடகை வீடு கைவிட்டுப் போய், பஸ் ஏறி வந்தவர்கள். தாய்க்கு மாதம் ஒரு ஊசி போடவேண்டும். போடாவிட்டால் காதுக்குள் யாரோ ஏசுவது கேட்கும். பல முறை தவறிவிட்டது. இன்னொரு முறை தவறினால் தாயை வார்டில் சேர்ப்பது, பிள்ளைகளைச் சிறுவர் இல்லத்தில் விடுவது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

ஏழு மாதம் நான் போனேன். வெயில், மழை பார்க்கவில்லை. அரிசி, குளிக்கச் சவர்க்காரம், பிள்ளைகளுக்குப் பென்சில் எல்லாம் கொண்டுபோனேன். விறாந்தை ஓரத்தில் நின்று, "கிளினிக்குக்கு வருவீங்கள்தானே அம்மா?" என்று கேட்பேன். "ஓம் மிஸ்" என்பார். வரமாட்டார்.

புதியவள் போன மூன்றாம் நாளே தாய் ஊசித் தேதி எழுதுகிற தன் கிளினிக் கொப்பியை எடுத்துக் காட்டினாராம். எனக்குக் கண்ணிலும் காட்டாத கொப்பி! ஓர்ஸ் ஹில் அலுவலகத்தில் எல்லாரும் அவளைப் புகழப் புகழ எனக்குத் தேத்தண்ணி இறங்கவில்லை.

"என்ன வசியம் செய்தனீர்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

"ஒண்டுமில்ல அக்கா. சும்மா இருந்து கதைச்சன்."

சும்மாவாம்! அடுத்த நாள் சோடா குடிக்கிற சாட்டில் எதிர்க்கடையில் ஒளிந்து நின்று பார்த்தேன். என் வயதுக்கு வெட்கங்கெட்ட வேலைதான். அவள் விறாந்தைப் படியில் செருப்பைக் கழற்றி வைத்தாள். "வரலாமா?" என்று கேட்டாள். தாய் பாயை விரித்த பிறகுதான் அதில் போய் இருந்தாள். மீன் செதில் ஒட்டிய சீமெந்துக்கு இவ்வளவு மரியாதையா? நல்லாத்தான் நடிக்கிறாள் என்று முணுமுணுத்தேன்.

ஊசி நாளன்று புதியவளுக்குக் காய்ச்சல். நான்தான் போகவேண்டி வந்தது. தாய் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். மூத்த மகள் தங்கையின் கையை இறுக்கிப் பிடித்தபடி என்னையே பார்த்தாள். இன்று தவறினால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். எனக்கு வேறு வழி தோன்றவில்லை. ஆத்திரத்தோடுதான் செருப்பைக் கழற்றினேன். சீமெந்து காலில் சுட்டது.

"வரலாமா அம்மா?"

தாய் எழும்பி, பாயைத் தட்டி விரித்தார். நான் பாயில் இருந்தேன்.

"ஏழு மாசமா வாசலோட திரும்பிப் போனீங்கள் மிஸ். இண்டைக்குத்தான் எங்கட வீட்டுக்கு வந்திருக்கிறீங்கள்" என்றார்.

பிறகு கொப்பியை எடுத்துக்கொண்டு என்னோடு வந்தார். ஊசி போட்டாயிற்று. வெளியே வந்ததும் என் கையைப் பிடித்தார்.

"மற்ற மிஸ்ஸுக்குச் சொல்லிவிடுங்கோ, நான் ஊசி போட்டிட்டன் எண்டு. அவ யோசிச்சுக்கொண்டிருப்பா."

வயிறு எரிய எரிய, அங்கேயே நின்று அவளுக்குப் போன் எடுத்தேன்.