கிரிவலப் பாதையில் என் முகம்

கீழ்பென்னாத்தூரில் பஸ் ஏறினேன். திருவண்ணாமலையில் இறங்குவதற்குள் எனக்கு வேலை கிடைத்துவிட்டது. நேர்காணல் இல்லை, தேர்வு இல்லை, போனில்கூட ஒருத்தரும் பேசவில்லை. முந்தின நாள் நிரப்பிய படிவத்தில் பெயர், கல்லூரி, டி-ஷர்ட் அளவு என்று மூன்றே கேள்விகள்தான். ஆயிரக்கணக்கானவர்களிலிருந்து என்னைத் தேர்ந்தெடுத்திருப்பதாக மெயில் சொன்னது. டி-ஷர்ட் அளவைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும்.

இன்றைக்கு இதை நக்கலாக எழுதுகிறேன். அன்றைக்குக் கூட்டத்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த மெயிலை மூன்று தடவை படித்தேன். இன்ஜினியரிங் கடைசி வருடம். இன்டர்ன்ஷிப் சான்றிதழ் இல்லாமல் படிப்பு முடியாது என்று கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். கூடப் படித்தவர்களுக்குச் சென்னையில் மாமாவோ சித்தப்பாவோ இருந்தார்கள். எனக்கு இருந்த சொந்தமெல்லாம் நெல்லும், மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போடுகிறவர்கள். மாதம் பத்தாயிரம் ரூபாய் வரை உதவித்தொகை என்று மெயிலோடு வந்த கடிதத்தில் இருந்தது. நான் பத்தாயிரத்தைப் பார்த்தேன், 'வரை'யைப் பார்க்கவில்லை. பூஜ்யமும் பத்தாயிரம் வரைக்குள்தான் அடங்கும் என்பது கணக்கில் எப்போதும் முதல் மார்க் வாங்குகிற எனக்குத் தோன்றவே இல்லை.

முதல் வேலை கொடுத்தார்கள். புரோகிராம் எழுதச் சொல்வார்கள் என்று லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தேன். வேலை தேடுகிறவர்கள் கூடுகிற இணையதளத்தில் என் படத்தையும் கடிதத்தையும் போட்டு நன்றி சொல்ல வேண்டும், அவ்வளவுதான். என்ன எழுத வேண்டும் என்பதையும் அவர்களே அனுப்பிவிட்டார்கள், பெயரை மட்டும் நிரப்பினால் போதும். போட்டேன். வாழ்த்து மேல் வாழ்த்து வந்தது. ஐந்து வருடமாகப் பேசாத பள்ளிக்கூடத் தோழிகூட பூங்கொத்துப் படம் அனுப்பினாள். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருவது இதுதான். அந்தக் கம்பெனி விளம்பரத்துக்கு ஒரு பைசா செலவழிக்கவில்லை. மாட்டினவளை வைத்தே அடுத்தவளைப் பிடித்தார்கள். எங்கள் சந்தோஷம்தான் அவர்களுக்கு விளம்பரம்.

என் பதிவைப் பார்த்துவிட்டு, தினமும் என்னோடு அதே பஸ்ஸில் வரும் ஜூனியர் பெண் வந்து கேட்டாள். மூன்றாம் வருடம், என் துறைதான். அவளுடைய அம்மா பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் மல்லாட்டை வேகவைத்து விற்பவர்.

"நெஜமாவே நல்ல கம்பெனியாக்கா? நம்பலாமா?"

"நானே சேந்துட்டேன். அப்புறம் என்னடி?"

அவ்வளவுதான் சொன்னேன். அன்று சாயங்காலமே அவளும் படிவத்தை நிரப்பிவிட்டாள்.

இரண்டாவது வாரத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. வாட்ஸாப் குழுவில் நூற்றுக்கணக்கான பேர். எல்லாருக்கும் ஒரே வேலை, ஒரு கால்குலேட்டர் செய்ய வேண்டும். கற்றுக்கொள்ள அனுப்பிய வீடியோக்கள் நெட்டில் யார் வேண்டுமானாலும் பார்க்கிறவை. வழிகாட்டி என்று ஒருவரை நியமித்திருந்தார்கள். என்ன கேட்டாலும் அவர் ஒரு கட்டைவிரலையும் ஒரு இதயத்தையும் அனுப்புவார். உதவித்தொகை எப்போது என்று ஒரு பையன் குழுவில் கேட்டான். அவரவர் லிங்க் வழியாகப் பத்துப் பேரைச் சேர்த்தால்தான் உதவித்தொகைக்குத் தகுதி என்று பதில் வந்தது. கேட்ட பையனைக் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்கள். கொஞ்ச நாளில் சான்றிதழுக்குக் கட்டணம் கட்டச் சொல்லி ஒரு மெயில். கடைசி வரியில், நன்றிப் பதிவை நீக்குகிறவர்களுக்குச் சான்றிதழ் ரத்து என்று எழுதியிருந்தது.

அந்தக் கடைசி வரிதான் என் வாயைக் கட்டிப்போட்டது. சான்றிதழ் இல்லாவிட்டால் வருடம் போய்விடும் என்று பயந்தேன். துறையிலேயே ஒரு சின்ன புராஜெக்ட் செய்து அதை ஈடுகட்டலாம் என்று ஒரு விதி இருந்திருக்கிறது. ரொம்ப நாள் கழித்துத்தான் அது எனக்குத் தெரிந்தது. யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை பஸ்ஸில் அந்த ஜூனியர் பெண் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். சனிக்கிழமை எங்கள் கல்லூரிக்குச் சென்னையிலிருந்து ஒரு கம்பெனி வருவதாக இருந்தது. மூன்றாம் வருடத்துக்கு மட்டும். நேரில் எழுத்துத் தேர்வு, நேரில் நேர்காணல், சம்பளத்தோடு ஆறு மாதப் பயிற்சி. அந்த மாதிரி கம்பெனி எங்கள் கல்லூரிப் பக்கம் வருவதே அபூர்வம்.

"நான் அதுலேருந்து பேரை எடுத்துட்டேன்க்கா. லெட்டர்ல வேற எங்கயும் கலந்துக்கக் கூடாதுன்னு போட்டிருக்காங்க இல்ல?"

ஆமாம், போட்டிருந்தார்கள். வேலையே தராதவன், வேறெங்கும் வேலை தேடாதே என்று போட்டிருந்தான். அதை நம்பி ஒரு பெண் தன் பெயரைத் தானே அடித்துவிட்டு வந்திருக்கிறாள். சொல்ல எனக்கு ஒரு முழு நாள் இருந்தது. 'போய் மறுபடி பேர் குடுடி' என்று நாலு வார்த்தை. இவளுக்குச் சொன்னால் இவள் குழுவில் கேட்பாள், யார் சொன்னது என்று வரும், என் சான்றிதழ் போகும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மலை தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

சனிக்கிழமை தேர்வு நடந்தது. அவள் வகுப்பில் நாலு பேரை எடுத்தார்கள். அவர்களுக்கெல்லாம் இவள்தான் பரீட்சைக்குப் பரீட்சை பாடம் சொல்லிக் கொடுப்பாள்.

திங்கட்கிழமை அவளுக்கும் கட்டணம் கட்டச் சொல்லி மெயில் வந்தது. பஸ்ஸில் என்னிடம் காட்டினாள். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன், எனக்கு எப்போது தெரியும் என்பது உட்பட. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் போனைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள்.

இரண்டு பேரும் பிளேஸ்மென்ட் சாரிடம் போனோம். சென்னைக் கம்பெனியிடம் இன்னொரு முறை கேட்க முடியுமா என்று கேட்டோம். லிஸ்ட் மூடியாச்சு என்றார். சரி, இந்தப் போலிக் கம்பெனியைப் பற்றி மற்ற பிள்ளைகளுக்காவது எச்சரிக்கை அனுப்புங்கள் என்றேன்.

"அதெல்லாம் இப்ப கெளப்பாதம்மா. நம்ம போர்டுல உங்க ரெண்டு பேரு போட்டோவும் வருது. அட்மிஷன் டைம்."

வந்தது. கிரிவலப் பாதையில், செங்கம் ரோடு பக்கம், நாலு சவுக்குக் கொம்பு நட்டு ஃபிளெக்ஸ் கட்டினார்கள். 'வேலைவாய்ப்பு பெற்ற எங்கள் மாணவியர்' என்று மேலே. நடுவில் நானும் அவளும், ஆளுயரத்துக்கு. கீழே கொட்டை எழுத்தில் அந்தக் கம்பெனியின் பெயர். பௌர்ணமிக்கு லட்சக்கணக்கில் ஜனங்கள் நடக்கிற பாதை. பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு போகிற ஒவ்வொரு தகப்பனிடமும் நான் பல்லைக் காட்டிக்கொண்டு 'இங்கே வாங்க' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சாரிடம் இரண்டு முறை போய் எடுக்கச் சொன்னேன். அட்மிஷன் முடியட்டும் என்றார். கோபத்தில் எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

பௌர்ணமிக்கு முந்தின நாள் அவளிடம் சொன்னேன், நாளைக்குக் காலையில் போய் ரெண்டு மூஞ்சியையும் அறுத்துடப் போறேன் என்று.

"என்னோடத விட்டுடுங்கக்கா," என்றாள். "அம்மா நாளைக்கு அதுக்குப் பக்கத்துலதான் கடை போடறாங்க. அவங்களுக்கு இன்னும் எதுவும் தெரியாது."

காலையில் கத்தரிக்கோலோடு போனேன். என் முகத்தை மட்டும் வட்டமாக அறுத்து, மடித்துப் பையில் போட்டுக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். பெரிய வீரம் செய்துவிட்ட நினைப்பு.

மத்தியானம் பாதையில் பஸ்ஸை விடவில்லை. நடந்து வந்தேன். போர்டுக்கு அடியில் அவளுடைய அம்மா அடுப்பு மூட்டி, கூடையில் மல்லாட்டையைக் குவித்து வைத்திருந்தார். ஆவி பறந்தது. வாங்குகிறவர்களுக்கெல்லாம் மேலே கையைக் காட்டி, "அது எம் பொண்ணுதாங்க" என்றார். என்னைப் பார்த்ததும் கூப்பிட்டார்.

"ஏம்மா, பாத்தியா இந்த அநியாயத்த? எவனோ வயித்தெரிச்சல் புடிச்சவன் உன் மூஞ்சிய அறுத்துட்டுப் போயிருக்கான். நல்ல வேளை, எம் பொண்ண விட்டுட்டான். ஆமா, எந் தம்பி பொண்ணும் இந்த வருசம் காலேஜ் முடிக்கிறா. இதே கம்பெனியில அவளையும் சேத்து விடேன்."

தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பினதுபோல இங்கே மலைப்பக்கம் திரும்பியிருக்கலாம். என்னால் முடியவில்லை.

"நான்தாம்மா அறுத்தேன்," என்றேன். பையிலிருந்து என் முகத்தை எடுத்துக் காட்டினேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். போனில் போட்ட பதிவு, அதைப் பார்த்து அவருடைய பெண் சேர்ந்தது, வியாழக்கிழமை, சனிக்கிழமை, ஒன்று விடாமல்.

அவர் அடுப்பைத் தணித்தார்.

"வியாழக்கெழமயே உனக்குத் தெரியும்."

"தெரியும்மா."

"கத்தரி இருக்கா?"

கொடுத்தேன். "இதுல எது அவனுங்க பேரு?" என்று கேட்டார். கீழ் வரியைக் காட்டினேன். அதை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை அறுத்து எடுத்தார். தன் பெண்ணின் முகத்தில் ஒரு கீறல் விழவில்லை. அறுத்ததை எழுத்துப் பக்கம் கீழே போகத் திருப்பிக் கூடைக்கு அடியில் விரித்தார்.

"எம் பொண்ணு மூஞ்சில என்ன தப்பு இருக்குது? உன் மூஞ்சிலதான் என்ன தப்பு இருக்குது? அவனுங்க பேர வுட்டுட்டு உன் மூஞ்சிய அறுத்திருக்க."

அவர் கத்தரிக்கோலை நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். நீட்டிய கையை அவர் மடக்கவில்லை.

"போன்ல போட்டிருக்கேன்னியே, அத எடுத்துட்டியா?"

எடுக்கவில்லை. அந்த நிமிஷம் வரைக்கும் அது அங்கேதான் இருந்தது, அத்தனை வாழ்த்துகளோடும். அதற்கு முந்தின நாள்கூட யாரோ ஒரு பெண் அதற்குக் கீழே, 'நம்பலாமா அக்கா?' என்று கேட்டிருந்தாள். நான் பார்த்திருந்தேன்.

"இங்கயே எடு. நான் பாக்கறேன்," என்றார்.

மல்லாட்டை வாங்க நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் அவர்கள் பக்கம் திரும்பவில்லை. நான் போனை எடுத்து, முதலில் அந்தப் பெண்ணுக்கு 'நம்பாதே' என்று தனியாக எழுதி அனுப்பினேன். பிறகு பதிவை அழித்து, திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். அவருக்கு அதைப் படிக்கத் தெரியாது. இருந்தாலும் கடைசி வரை பார்த்தார். பிறகுதான் மல்லாட்டை அளக்கிற படியைக் கையில் எடுத்தார்.