பஸ் படத்தில் தொங்கிய பேசின்

இதை எழுதப் பல வருடமாகத் தயங்கினேன். பேனையை எடுத்தால் மனைவி ரோசலினின் முகம் முன்னுக்கு வரும், மூடி வைத்துவிடுவேன். கர்த்தர் இப்போதுதான் துணிவு தந்தார்.

நான் முல்லைத்தீவில் தெருவிளக்கு வேலை செய்தவன். ஓய்வுக்குப் பிறகு ஒரு புதுத் தொழில் வந்து சேர்ந்தது. முன்னாள் சாரதி ராசன் அண்ணை பழைய பஸ் படங்கள் சேர்ப்பவர். அவர் பஸ்ஸைப் பார்ப்பார். நான் பின்னால் நிற்கும் விளக்கைப் பார்த்து இடம் சொல்வேன். வளைந்த கையில் குண்டு பல்ப் என்றால் சந்தையடி. டியூப்லைட் என்றால் ஆசுபத்திரி வீதி. எல்லாம் நான் ஏணி வைத்து ஏறியவை.

போன வருடம் ஃபோனில் ஒரு படம் காட்டினார். மாலை போட்ட புது பஸ்.

“புளியங்குளச் சந்தி எண்டு எழுதப்போறன். கண்காட்சிக்கு நாளைக்கு அச்சுக்குப் போகுது. சரிதானே?”

பஸ்ஸுக்கு மேலே தொங்கியது விளக்கு ஷேட் இல்லை. ரோசலின் சீதனமாகக் கொண்டுவந்த எனாமல் பேசின்.

அந்த பஸ் சேவை தொடங்கிய காலை, என் ஏணி தட்டி பஸ் நிலைய விளக்கின் ஷேட் விழுந்து, ட்ராக்டர் சில்லில் நசுங்கிப்போனது. ஸ்டோரில் வேறு இல்லை. “பெரியாக்கள் வரமுன்னம் லைற் சரியா இருக்கோணும். இல்லாட்டி நீர் வீட்டை போம்” என்றார் எங்கள் மேலதிகாரி ஓவசியர். வேலைக்குச் சேர்ந்து மூன்றே மாதம். வீட்டுக்கு ஓடினேன். ரோசலின் பூசைக்குப் போயிருந்தாள். மீன் கழுவும் பேசினை எடுத்து, அடியில் துளை போட்டுக் கவிழ்த்துப் பூட்டினேன். ஷேட்டைவிட நல்ல வெளிச்சம்!

அன்று வீட்டுக்கு வந்துபோன என் தங்கச்சி பிலோமினாதான் எடுத்தாள் என்று ரோசலின் முடிவு கட்டினாள். நான் வாய் திறக்கவில்லை. அதன்பிறகு தங்கச்சி வீட்டுக்குப் பலகாரம் வாழையிலையில்தான் போகும். “அங்க போன பாத்திரம் திரும்பாது” என்பாள். ரோசலினை பஸ் நிலையப் பக்கம் போகவிடாமல் சுற்றுவழியால் கூட்டிப்போவேன். தவக்காலந்தோறும் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். “மனிசியிட்டச் சொல்லும்” என்பார் சுவாமியார். நான் கூடுதலாக ஒரு செபமாலை சொல்லிச் சமாளித்தேன்.

இப்போது புளியங்குளம் என்று தலையாட்டினால் தப்பலாம். தங்கச்சியின் பெயர் மட்டும் கறையோடேயே இருக்கும்.

“முல்லைத்தீவு பஸ் நிலையம்” என்றேன்.

“எப்பிடி அவ்வளவு நிச்சயம்?”

ரோசலின் தேத்தண்ணியோடு நின்றாள். கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன்: “அது ரோசலின்ர பேசின்.”

ஃபோனைப் பறித்து இரண்டு விரலால் படத்தை விரித்தாள். “ஐயோ, விளிம்பில எனாமல் கழண்ட இடம்! என்ர அம்மா தந்தது. இவ்வளவு வருசம் என்ர கையால சாப்பிட்டனீங்கள், ஒரு சொல்லுச் சொல்லேல்லையே!”

ராசன் அண்ணை செருப்பைத் தேடினார்.

ரோசலின் உடனே தங்கச்சிக்கு அழைத்தாள். “மச்சாள், என்னை மன்னியுங்கோ. பேசினை உங்கட அண்ணர்தான் லைற்றில கொழுவினவர்.”

ஸ்பீக்கரில் சிரிப்புக் கேட்டது. “எனக்கு அப்பவே தெரியும் மச்சாள். பஸ்ஸுக்கு நிக்கேக்க நாளும் பாக்கிறனான். சொன்னால் அண்ணைக்கு வேலை போயிடும் எண்டு விட்டனான்.”

எனக்குக் கண் கலங்கியது.

அந்த நத்தார்ப் பண்டிகைக்குத் தங்கச்சிக்குப் பலகாரம் மூடி போட்ட புது எவர்சில்வர் பாத்திரத்தில் போனது. என் பங்கு வாழையிலையில் வந்தது.

வேலைக்கு வரும் பிள்ளைகளே, உடைத்ததை அன்றைக்கே சொல்லிவிடுங்கள். ராசன் அண்ணை சொல்லும் கதையில் பேசின் இப்போது அண்டாவாகிவிட்டது. நீங்கள் நாலு பேருக்குச் சொல்லும்போது பேசின் பேசினாகவே இருக்கட்டும். எடுத்தவனும் நானாகவே இருக்கட்டும்.