ஜீப்பின் முன் சீட்டு

பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு ஆட்களை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று, ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நாங்கள் கள்ளக்குறிச்சியில் கூடும்போதெல்லாம் வாதம் நடக்கிறது. தலைமையாசிரியரே நியமிக்கட்டும் என்பார் ஒருவர். குலுக்கல் போதும் என்பார் இன்னொருவர். கை தூக்கச் சொல்வதுதான் ஒளிவுமறைவில்லாத முறை என்று ஒரு காலத்தில் சொல்லி வந்தவன் நான். இப்போது அப்படிச் சொல்வதில்லை.

மலையில் கரியாலூருக்கு மேலே ஒரு நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தேன். பேருந்து கரியாலூரோடு நின்றுவிடும். அதற்கு மேல் அண்ணாமலையின் ஜீப் ஒன்றுதான். எவ்வளவு கூட்டமானாலும் முன் சீட்டு எனக்கு.

குழுத் தலைவர் பதவிக்கு இரண்டு தாய்மார்கள் நின்றார்கள். ஒருவர் அண்ணாமலையின் மனைவி. மற்றவர் ராணி, ஓடைக்கு அந்தப் பக்கம் குடியிருந்தவர். மழையில் ஓடை பெருகினால் அங்கிருந்து பிள்ளைகள் வர முடியாது. சுற்றுப்பாதையில் வர அரசு செலவில் வண்டி கேட்டுத் தீர்மானம் போட வேண்டும் என்பதற்காகவே அவர் நின்றார். அவருடைய மகள் அப்போது ஏழாம் வகுப்பு. இன்னொரு வண்டி மலையேறுவதில் அண்ணாமலைக்கு விருப்பமில்லை. அது எனக்குத் தெரியும்.

கூட்டத்துக்கு முந்தின நாள் ராணி வந்தார்.

"சார், கையத் தூக்கச் சொல்லாதீங்க. ஆளுக்கு ஒரு புளியங்கொட்ட குடுங்க. ரெண்டு சட்டிய மறைவா வெச்சிடுங்க, போட்டுட்டுப் போறோம்."

"இது இன்னாம்மா, பால்வாடி வெளையாட்டா?"

"அந்த ஜீப்புலதான் சார் நாங்க சந்தைக்குப் போறோம், ஆஸ்பத்திரிக்குப் போறோம். எங்க கை எங்க பேச்சக் கேக்காது."

சிரித்து அனுப்பிவிட்டேன்.

மறுநாள் தாய்மார்களை அண்ணாமலை வாடகை வாங்காமல் ஏற்றி வந்தார். இறக்கிவிட்டு வகுப்பறை ஜன்னலில் சாய்ந்து நின்றார். அவரை வெளியே போகச் சொல்ல வேண்டியவன் நான். சொல்லவில்லை.

"சீக்கிரம் தூக்குங்க, வண்டி திரும்பணும்" என்றார்.

"தூக்குனாத்தான ஏத்திக்கினு போவ?" என்றார் ஒரு தாய். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அண்ணாமலையின் மனைவி பெயரை நான் சொன்னதும் கைகள் எழுந்தன. ராணியும் தூக்கினார், தலையை நிமிர்த்தாமல். 'ஏகமனதாக' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். சாயங்காலம் முன் சீட்டில் உட்கார்ந்து மலையிறங்கினேன்.

வண்டித் தீர்மானம் வரவேயில்லை. அடுத்த மழையில் ராணியின் மகள் பள்ளிக்கு வருவது நின்றது. ஓடை வடிந்ததும் தேடிப் போனேன். காப்பித் தோட்ட வேலைக்குச் சித்தியோடு அனுப்பிவிட்டதாக ராணி சொன்னார்.

"வரச் சொல்லும்மா, நான் பாத்துக்கறேன்."

"உங்கள ஒண்ணும் சொல்றதுக்கில்ல சார். நானுந்தான் கையத் தூக்குனேன்."

அந்தப் பெண் திரும்பி வரவில்லை.

அடுத்து வேலை பார்த்த பள்ளியில் இரண்டு சட்டியும் புளியங்கொட்டையும் வைத்துத்தான் தேர்தல் நடத்தினேன். நன்றாகவே நடந்தது. இளைய தலைமையாசிரியர்கள் எந்த முறை சிறந்தது என்று என்னிடம் கேட்கிறார்கள். யாருக்குப் போட்டார்கள் என்று யாருக்கும் தெரியக்கூடாது என்கிறேன். அதற்கும் முன்னால், தேர்தல் நடத்தும் நீங்கள் யாருடைய வண்டியில் வந்து இறங்குகிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.