ஒரு கூழாங்கல் கொண்டு வா

என் மகள் பேச்சை நிறுத்தி ஏழு வாரம் ஆனபோது, மாண்ட்ரியலின் வில்லரே பகுதியில் இருந்த ஒரு வயதான பெண் உளப்பகுப்பாய்வாளரிடம் அவளை அழைத்துப் போனேன். பாரிசில் ஆயுள் முழுக்கக் குழந்தைகளின் மனதோடு மல்லுக்கட்டியவர் அவர். அவர் புத்தகங்களைப் படித்து இரண்டு தலைமுறைத் தாய்மார் பிள்ளை வளர்த்தார்களாம். கூடப் படித்தவர்களோடு சண்டை போட்டு, உளப்பகுப்பாய்வாளர் சங்கத்தை விட்டு விலகி, கடைசிக் காலத்தில் தன் மகளோடு இந்த ஊருக்கு வந்துவிட்டார். எனக்கு அந்தப் புகழெல்லாம் தெரியாது. நகரின் இன்னொரு மூலையான லாசாலில், எங்கள் கீழ்வீட்டில் இருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா, குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்கிறவர், முகவரி கொடுத்தார்.

"கூட்டிக்கொண்டு போங்கோ தங்கச்சி. ஆனா பிள்ளையிட்ட உண்மையைச் சொல்லிப்போடுங்கோ. இப்ப சொல்லாட்டிப் பேந்து கஷ்டம்."

உண்மை இதுதான். பிப்ரவரியில் மெட்ரோ படிக்கட்டில் என் கணவர் மாரடைப்பில் விழுந்து இறந்துபோனார். மகளுக்கு ஐந்து வயது. காரியம் முடியும்வரை அவள் கீழ்வீட்டில் இருந்தாள். "அப்பா கல்கரிக்கு வேலைக்குப் போயிருக்கார்" என்றேன். சென்னையிலிருந்து மாமியாரும் போனில் அதையே சொன்னார். அவளுக்குச் சந்தேகம் வரக்கூடாதென்று தாலியைக் கழற்றவில்லை, பொட்டை அழிக்கவில்லை. அவருடைய போனிலிருந்து என் போனுக்கு நானே "குட்டிம்மா, சாப்பிட்டியா?" என்று அனுப்பி, அவளுக்கு வாசித்துக் காட்டினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டேன் என்று நினைப்பு.

அவள் சாப்பிட்டாள், தூங்கினாள், என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் குளித்துவிட்டு வந்தால் கதவுக்கு வெளியே நின்றிருப்பாள். பெற்ற பிள்ளையைப் பார்த்துப் பயந்தேன், ஒளிக்காமல் சொல்கிறேன். ஒரு நாள் அலமாரிக்குக் கீழே நாற்காலி இழுத்துப் போடப்பட்டிருந்தது. அலமாரி மேல் ஆஸ்பத்திரியில் கொடுத்த அவருடைய பை இருந்தது. அதன் முடிச்சு நான் போட்ட முடிச்சாக இல்லை. அவிழ்த்து, மறுபடி என் முடிச்சைப் போட்டு, நாற்காலியை அதன் இடத்தில் வைத்தேன். அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை.

முதல் நாளே அந்த அம்மையார் என் மகளிடம் குனிந்து, ஒவ்வொரு முறையும் ஒரு கூழாங்கல் கொண்டு வா என்று பிரெஞ்சில் சொன்னார். கல் இருந்தால் அவள் தன் விருப்பத்தோடு வந்திருக்கிறாள் என்று அர்த்தம். இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவாராம். நல்ல வைத்தியம் என்று மனதுக்குள் கரித்துக்கொட்டினேன்.

அடுத்த வாரம் வெறுங்கையோடு போனாள். வாசலோடு திரும்பினோம். அதற்கடுத்த வாரம், பனி கரைந்த ஆற்றங்கரையில் நானே ஒரு கல்லைப் பொறுக்கி, கழுவி, அவள் கோட்டுப் பையில் போட்டேன். சாப்பாட்டு டப்பாவிலிருந்து கைக்குட்டைவரை எடுத்து வைக்கிற அம்மாக்களுக்கு ஒரு கல் பெரிய விஷயமா?

அம்மையார் அதை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். "இது உங்கள் கல், மேடம். நீங்கள் உட்காருங்கள்."

மகளை வெளியே உட்கார வைத்துவிட்டுத் தன் கதையைச் சொன்னார். அவருக்கு ஆறு வயதில் அண்ணன் இறந்துபோனான். கடலோரப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறான் என்று வீட்டில் சொன்னார்கள். இரண்டு வருடம் அவனுக்குக் கடிதம் எழுதினார். பதிலும் வந்தது.

"யார் எழுதினார்கள் என்று அம்மா சாகும்வரை சொல்லவில்லை. அந்தக் கையெழுத்தைத் தேடித்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். அது அண்ணனுடையது இல்லை என்று எனக்கு இரண்டாவது கடிதத்திலேயே தெரியும்."

என் கைப்பையில் கணவரின் போன் சார்ஜோடு இருந்தது. எனக்குக் கோபம்தான் வந்தது. எங்கள் வீட்டு விஷயத்தில் இந்தக் கிழவி யார் என்று நினைத்துக்கொண்டு எழுந்து வந்தேன். ஆனால் அன்றிலிருந்து அந்தப் போனில் குட்டிம்மா என்று அடிக்க விரல் வரவில்லை.

மறுவாரம் நான் கூப்பிடுமுன்பே மகள் கோட்டு மாட்டிக்கொண்டு கதவருகில் நின்றாள். வலது கை இறுக மூடியிருந்தது. பஸ்ஸிலும் மெட்ரோவிலும் அதைத் திறக்கவில்லை. கேட்டால் என்ன வருமோ என்று நானும் கேட்கவில்லை.

மேஜைமேல் அவள் விரித்த கையில் கல் இல்லை. பிள்ளையார் தொங்கும் சாவி. என் கணவரின் வீட்டுச் சாவி, அலமாரி மேலிருந்த ஆஸ்பத்திரிப் பைக்குள் இருந்தது.

அம்மையார் அதைத் தொடவில்லை. மகள் அவரைப் பார்க்கவும் இல்லை. என் பக்கம் திரும்பி, தொண்டை கரகரக்கப் பேசினாள்.

"அம்மா, அப்பா செத்துட்டார். கீழ்வீட்டு ஆன்ட்டி போன்ல சொல்லிட்டிருந்தாங்க." என் கழுத்தையும் நெற்றியையும் மாறி மாறிப் பார்த்தாள். "உன்கிட்ட யாருமே சொல்லலையாம்மா?"

என்னிடம் இதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல்தான் அவள் பத்து வாரம் வாயைத் திறக்கவில்லை. அம்மையார் எதையும் மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. நான் தரையில் உட்கார்ந்து அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"தெரியும்டி" என்றேன்.