வள்ளமும் வெள்ளமும்

இன்னும் படபடப்பு அடங்கவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் போலீஸ் வயர்லெஸ் அறைக்குத் தருமபுரியிலிருந்து மாற்றலாகி வந்திருக்கிறார் செல்வி. "இங்க வெள்ளம்னா தண்ணி. ஊர் முங்கிட்டுன்னு வண்டியை அனுப்பிராதீங்க" என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தது மேற்பார்வையாளராகிய நான்தான்.

இன்று பத்து மணிக்குப் பதிவேட்டைப் புரட்டினேன்.

'குளச்சல். பெண். வெள்ளம் வரவில்லை. நகராட்சிக்குப் பேசச் சொன்னேன்.'

"எப்படிப் பேசினாங்க?"

"அழுதாங்க மேடம்."

குழாயில் தண்ணீர் வராவிட்டால் நம் ஆட்கள் திட்டுவார்கள்; அழ மாட்டார்கள். அந்த எண்ணுக்கு நானே அழைத்தேன்.

"வெள்ளம் இல்ல மக்களே, வள்ளம்! காலத்தே கரைக்கு வரண்டிய வள்ளம். எனக்க மாப்பிள்ளையும் கொழுந்தனும் அதுலதான் இருக்காவ."

மீன்பிடிக்கப் போன படகு!

கடலோர ரோந்துப் படகுக்கு மைக்கில் தகவல் சொன்னேன். பிறகு நாற்காலிக்கும் ஜன்னலுக்கும் எத்தனை தடவை நடந்தேனோ தெரியாது. வயர்லெஸ் கரகரத்தபோதெல்லாம் நானும் செல்வியும் எழுந்து நின்றோம்.

ஒன்றேகால் மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. எஞ்சின் பழுதான வள்ளத்தைக் கட்டி இழுத்து வருகிறார்கள். இருவரும் நலம்.

மதியம் செல்வியே அந்த அக்காவுக்கு ஃபோன் போட்டு, எழுத்தெழுத்தாக அழுத்திக் கேட்டார்: "வள்ளம் வந்துடுச்சாங்க அக்கா?"

"வள்ளம் வந்துட்டு மக்களே. வெள்ளந்தான் நாலு நாளா வரல்ல."

இதை எந்தப் பதிவேட்டில் ஏற்றுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.